பிப்ரவரி மாதத்துச் சம்பளச் சீட்டு

மலேசியாவின் காப்பாரில், பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கப்போகும் வீடுகளில் ஒரு புத்திமதி கைமாறிக்கொண்டே இருக்கிறது. கல்வி வழிகாட்டிக் கருத்தரங்குகளில் இதை யாரும் சொல்வதில்லை. பக்கத்து வீட்டு அக்கா வேலி ஓரமாக நின்று சொல்வார்: "சம்பளச் சீட்டு கேட்டாங்கன்னா பிப்ரவரி மாசத்ததக் குடுங்க." பிப்ரவரி குறை மாதம். பெரும்பாலான ஆண்டுகளில் சீனப் புத்தாண்டும் அதை ஒட்டியே வரும். கம்பெனி நாலைந்து நாள் மூடிக்கிடக்கும், ஓ.டி. என்னும் மிகைநேர வேலை இருக்காது. சீட்டில் அடிப்படைச் சம்பளம் மட்டும் மொட்டையாக நிற்கும். மளிகைக் கடையில் கடன் சொல்லி ஓட்டிய மாதம் அது. உதவி கேட்டுப் போகும்போது அந்த மாதம்தான் கைகொடுக்கிறது.

சிரிப்பாக இருக்கலாம். ஆனால் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு உதவி கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் இந்த வேலியோர ஞானத்தில்தான் தொங்குகிறது. குறைந்த வருமானம் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஏன் உதவி மறுக்கப்படுகிறது என்று கேட்டால், கோட்டா, அரசியல், அதிகாரிகளின் அலட்சியம் என்று பதில்கள் வரும். அவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. அவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரு கூட்டல் கணக்கு நிற்கிறது. அதை யாரும் உட்கார்ந்து போட்டுப் பார்ப்பதில்லை.

கிள்ளானிலிருந்து கோலசிலாங்கூர் போகும் 5-ஆம் எண் கூட்டரசுச் சாலையில் வடக்கே வந்தால் காப்பார். கண்டெய்னர் லோரிகள் ஓயாத சாலை. கடலோரத்தில் சுல்தான் சலாஹுடின் அப்துல் அஜிஸ் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தூரத்திலேயே தெரியும். ஒரு காலத்தில் சுற்றிலும் ரப்பர், பிறகு செம்பனை, பிறகு தொழிற்சாலைகளும் கிடங்குகளும் தாமான்களும். ஜாலான் ஆக்கோப் போன்ற தோட்டத்துப் பெயர்கள் இன்று தமிழ்ப்பள்ளிப் பெயர்ப்பலகைகளில் தங்கியிருக்கின்றன. தோட்டத்து வரிசை வீடுகளை விட்டு வெளியேறிய குடும்பங்கள் மலிவு விலை வீடுகளுக்கு வந்தன. கங்காணியின் குரலுக்குப் பதில் ஷிப்ட் சங்கு. 2013 பொதுத்தேர்தலில் நாட்டிலேயே அதிக வாக்காளர்கள் கொண்ட நாடாளுமன்றத் தொகுதி காப்பார்தான், 1,44,000-க்கும் மேல். அத்தனை வாக்குகளை எண்ண முடிந்த நாட்டில் இந்தச் சம்பளச் சீட்டை மட்டும் சரியாக எண்ண முடியவில்லை.

ஒரு குடும்பத்தை வைத்துக் கணக்குப் போடுவோம். பெயர் வேண்டாம். அப்பா ஒரு கிடங்கில், அம்மா ஒரு தொழிற்சாலையில், இருவருக்கும் குறைந்தபட்சச் சம்பளம், மாதம் 1,700 வெள்ளி. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த தொகை இது. இருவருடையதும் சேர்த்தால் 3,400. இந்தப் பணத்தில் கிள்ளான் வட்டாரத்தில் வீட்டு வாடகை, மோட்டார் சைக்கிள் தவணை, மூன்று பிள்ளைகள், வயதான பாட்டி என்று எல்லாம் ஓட வேண்டும். ஓடாது. ஆகவே ஓ.டி.

வேலைச் சட்டப்படி 1,700-ஐ 26 நாளால் வகுத்து, பிறகு 8 மணி நேரத்தால் வகுத்தால் ஒரு மணிக்கு 8 வெள்ளி 17 காசு. ஓ.டி.க்கு ஒன்றரை மடங்கு, 12 வெள்ளி 26 காசு. மாதத்துக்கு 104 மணி நேரத்துக்கு மேல் ஓ.டி. கூடாது என்பது விதி. 104 மணி என்றால் 26 நாளும் நாளுக்கு நாலு மணி நேரம் கூடுதல். அதாவது காலை ஏழிலிருந்து இரவு ஏழைத் தாண்டியும் நிற்கும் வேலை. அந்த உச்சவரம்பு வரை அப்பா உழைத்தால் கிடைப்பது 1,275 வெள்ளி. அவர் சீட்டில் 2,975 வந்துவிடும். அம்மா அதில் பாதி, நாளுக்கு இரண்டு மணி நேரம் ஓ.டி. செய்தால் அவருக்கு 2,337. கூட்டினால் 5,300-ஐத் தாண்டுகிறது.

இனி அரசாங்கம் என்ன கேட்கிறது என்று பாருங்கள். ரொக்க உதவி பெறக் குடும்ப வருமானம் மாதம் 5,000 வெள்ளிக்குள் இருக்க வேண்டும். 2022 கணக்கெடுப்பின்படி, பி40 என்று சொல்லப்படும் அடித்தட்டு 40 விழுக்காட்டின் மேல்வரம்பு சுமார் 5,250 வெள்ளி. நம் குடும்பம் இரண்டையும் தாண்டிவிட்டது! நாட்டின் மிகக் குறைந்த சம்பளத்தை வாங்கும் இரண்டு பேர், தூங்கவேண்டிய நேரத்தையும் விற்றதால், காகிதத்தில் நடுத்தர வர்க்கம் ஆகிவிட்டார்கள்.

2021-இலும் ரொக்க உதவியின் மேல்வரம்பு இதே 5,000 வெள்ளிதான். அப்போது நகராண்மைக் கழகப் பகுதிகளில் குறைந்தபட்சச் சம்பளம் 1,200. இருவரும் 104 மணி நேரமும் முழுசாக உழைத்திருந்தாலும் குடும்பத்துக்கு 4,200-தான் வந்திருக்கும், அந்த மேல்வரம்புக் கோட்டைத் தொட்டிருக்கவே முடியாது. இன்று அதே வேலை, அதே ஓ.டி., கூட்டுத்தொகை 5,950. இடையில் அரிசி, முட்டை, சமையல் எண்ணெய் எல்லாம் ஏறின. சம்பளமும் ஏறியது. கோடு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இன்னொரு விஷயத்தை முதன்முதலில் கவனித்தபோது எனக்கே நம்பச் சிரமமாக இருந்தது. ஊழியர் சேமநிதிச் சட்டத்தில் ஓ.டி. பணம் சம்பளக் கணக்கில் சேராது. முதலாளி அந்த 1,275-க்குச் சேமநிதி கட்டவேண்டியதில்லை. தொழிலாளியின் முதுமைக்குச் சேமிக்கும் இடத்தில் ஓ.டி. சம்பளம் இல்லை. அவர் பிள்ளைக்கு உதவி கேட்கும் இடத்தில் மொத்த வருமானம் என்ற பெயரில் அதே ஓ.டி. கடைசிக் காசு வரை சம்பளம். ஒரே பணம், ஒரே சீட்டு, இரண்டு சட்டம். இரண்டுமே அவருக்கு எதிராகப் போய் முடிகிறது.

கோடு நாடு முழுக்க ஒன்றே. 2022-இல் கிளந்தான் மாநிலக் குடும்பங்களின் நடுநிலை வருமானம் 3,614 வெள்ளி. சிலாங்கூரில் அது 9,983. 5,300 வெள்ளி வாங்கும் குடும்பம் கோத்தா பாருவில் அக்கம்பக்கத்தை விட வசதியானது. காப்பாரில் அதே குடும்பம் மாநில நடுநிலையில் பாதியைக் கொஞ்சம்தான் தாண்டுகிறது. மூன்று பேர் சாப்பிடும் வீடும் ஏழு பேர் சாப்பிடும் வீடும்கூட ஒரே கோட்டில்தான் நிற்கின்றன. விண்ணப்பப் பாரத்தில் 'ஜும்லா தாங்குங்கான்' என்று, அதாவது எத்தனை பேரைத் தாங்குகிறீர்கள் என்று, ஒரு கட்டம் இருக்கும். நிரப்பச் சொல்வார்கள். நிரப்பியதால் கோடு நகராது.

இந்தக் கோடு கல்லூரி வாசலுக்கு எப்படி வருகிறது? பிடிபிடிஎன் வழியாக. 1997-இல் சட்டம் இயற்றித் தொடங்கப்பட்ட தேசிய உயர்கல்வி நிதிக் கழகம் அது. அது தருவது கடன். உபகாரச் சம்பளம் அன்று. தொடக்கத்தில் 4 விழுக்காடு நிர்வாகக் கட்டணம் வாங்கினார்கள், பின்னாளில் அது 1 விழுக்காடானது. 2014-இன் கடைசியில் தனியார் கல்லூரி மாணவர்களுக்கான கடன் தொகையை 15 விழுக்காடு குறைத்தார்கள். தனியார் கல்லூரியில் பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு 16,000 வெள்ளியாக இருந்த உச்சத்தொகை 13,600 ஆனது. அந்த முழுத் தொகையும் ரொக்க உதவிப் பட்டியலில் இருக்கும் குடும்பத்துப் பிள்ளைக்குத்தான். அந்த உதவிக்குப் பிரிம் என்று பெயர் இருந்தது, பிறகு பிஎஸ்எச், பிபிஆர், பிகேஎம், இப்போது எஸ்டிஆர். ஆட்சிக்கு ஆட்சி பெயர் மாறினாலும் பட்டியலின் அதிகாரம் மாறவில்லை. பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் முக்கால் பங்கு, 10,200 வெள்ளி. வருமானம் இன்னும் கூடினால் பாதி.

முக்கால் கிடைக்கிறதே, அதை மறுப்பு என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆண்டுக்கு 3,400 வெள்ளி குறைந்தால் நாலு ஆண்டுக்கு 13,600. சரியாக ஓர் ஆண்டின் முழுக் கடன். நாலு ஆண்டுப் படிப்புக்கு மூன்று ஆண்டுக்குத்தான் பணம், நாலாவது ஆண்டைக் குடும்பம் பார்த்துக்கொள்ள வேண்டும். முழுக் கடனே பல தனியார் கல்லூரிகளின் கட்டணத்துக்குப் போதாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டாம் ஆண்டில் மெல்ல வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டு, மாலில் கைப்பேசிக் கடையில் நிற்கும் பையன்களைக் கிள்ளானில் யாருக்கும் சுட்டிக்காட்டத் தேவையில்லை. படிப்பு முடியாது, கடன் முடியாது. முதல் வகுப்பில் தேறினால் கடன் தள்ளுபடி என்று ஒரு சலுகை உண்டு. பகலில் வகுப்பு, இரவில் பெட்ரோல் நிலைய வேலை என்று படிக்கிறவனுக்கு அந்தச் சலுகை எந்த அளவு எட்டும் என்பதை விரிவுரையாளர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

என் வீட்டுக் கதை ஒன்று. 1999-ஆம் ஆண்டு. பள்ளியிறுதித் தேர்வான எஸ்பிஎம் முடிவு நன்றாக வந்திருந்தது. ஓர் அறவாரியத்துக்கு விண்ணப்பித்தேன். மூன்று மாதச் சம்பளச் சீட்டு கேட்டார்கள். அப்பா பலகைத் தொழிற்சாலையில் இருந்தார். சீட்டுகளை அயர்ன் பெட்டி வைத்துத் தேய்த்த மாதிரி நேராக்கி, உறையில் போட்டுக் கொடுத்தார். அந்த மூன்று மாதமும் அவர் ராப்பகலாக ஓ.டி. செய்திருந்தார். என் தேர்வுக்காக வைத்த டியூஷன் பாக்கியை அடைக்கத்தான். ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. 'டுக்காச்சித்தா', அதாவது வருந்துகிறோம், என்று தொடங்கும் மலாய்க் கடிதம். அந்தச் சொல்லைப் பார்த்தால் மேற்கொண்டு படிக்கத் தேவையில்லை என்பது நம் சமூகத்தில் ஒரு தலைமுறைக்கே தெரியும். நான் மேற்கொண்டும் படித்தேன். குடும்ப வருமானம் நிர்ணயித்த அளவைத் தாண்டுகிறது என்று ஒரு வரி. எவ்வளவு தாண்டியது என்று பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன், எண்பது சொச்சம் வெள்ளி.

"என்னாமா போட்டிருக்கான்?" என்றார் அப்பா. அவருக்கு மலாய் பேச வரும், அரசாங்க மலாய் வாசிக்க வராது.

"எடம் நெறஞ்சிருச்சாம்பா."

"சரி, அதுக்கென்னா. வேற பாப்போம்," என்று சொல்லிவிட்டு இரவு ஷிப்டுக்குக் கிளம்பிப் போனார். கடைசிவரை நான் அவரிடம் காரணத்தைச் சொல்லவில்லை. ஆறாம் படிவம் போனேன். அது அரசாங்கப் பள்ளி, செலவு குறைவு. கடினமான எஸ்டிபிஎம் தேர்வைத் தாண்டியவர்களுக்கு அன்று அது பல்கலைக்கழகத்துக்கு ஒரு பின்வாசல், இன்றும் அப்படித்தான்.

முன்வாசல் மெட்ரிகுலேஷன். ஒரு வருடம், பெயரளவுக்குக் கட்டணம், மாதப் படி, முடித்தால் அரசாங்கப் பல்கலைக்கழகம். பணமில்லாத வீட்டுப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய நிதியுதவி கிடையாது. அதனால்தான் ஒவ்வோர் ஆண்டும் எஸ்பிஎம் முடிவுக்குப் பிறகு தமிழ் நாளிதழ்களின் முதல் பக்கத்தில் இந்தப் பெயர் வந்துவிடுகிறது. பூமிபுத்ராக்களுக்குத் தொண்ணூறு, மற்றவர்களுக்குப் பத்து என்ற பங்கீட்டில் அந்தப் பத்துக்குள்தான் இந்தியர், சீனர் எல்லாரும் அடங்க வேண்டும். 2012-இல் இந்திய மாணவர்களுக்குத் தனியாக 1,500 இடம் என்று நஜிப் அரசாங்கம் அறிவித்தது. 2018-இல் 2,200 என்றார்கள். 2019-இல் மொத்த இடத்தை 25,000-இலிருந்து 40,000 ஆக்கி, பங்கீட்டை அப்படியே வைத்தார்கள். எண்கள் இப்படி மாறிக்கொண்டே இருப்பதால், கிடைத்த பிள்ளைக்கு அது அதிர்ஷ்டம் மாதிரியும் கிடைக்காத பிள்ளைக்குத் தண்டனை மாதிரியும் தெரிகிறது. 2024-இல் பிரதமர் அன்வார், இன வேறுபாடில்லாமல் 10ஏ எடுத்த எல்லாருக்கும் இடம் உண்டு என்றார். நல்ல அறிவிப்பு. அடுத்த ஆண்டே ஏ மைனஸ் அந்தப் பத்தில் சேருமா என்று தகராறு வந்தது, சேராது என்றார்கள். சம்பளத்தில் எண்பது வெள்ளி கூடினாலும் போச்சு, மதிப்பெண்ணில் ஒரு கழித்தல் குறி விழுந்தாலும் போச்சு.

இதுவரை சொன்னது காகிதம் சரியாக உள்ளவர்களின் பாடு. கோவிலில் தாலி கட்டிப் பதிவு செய்யாமல் விட்ட கல்யாணங்கள் தோட்டப்புறத்தில் நிறைய. 1982 மார்ச்சில் நடப்புக்கு வந்த சட்டத்துக்குப் பிறகு திருமணத்தைப் பதிவது கட்டாயம். பதியாவிட்டால் பிள்ளையின் குடியுரிமை தாயைப் பார்த்தே முடிவாகும். தாய் குடியுரிமை இல்லாதவராக இருந்துவிட்டால் பிள்ளைக்குக் குடியுரிமை சிக்கலாகிறது. பிடிபிடிஎன் கடன் குடிமக்களுக்கு மட்டும். இங்கேயே பிறந்து, இங்கேயே தமிழ்ப்பள்ளியில் படித்து, 'நெகாராகு' பாடி வளர்ந்த பிள்ளை அந்த வாசலில் நின்றுவிடுகிறது. குடும்பத்தை விட்டுப்போன தகப்பன்மார்கள் இன்னொரு வகை. ஆள் இல்லை, செலவுக்குப் பணம் இல்லை, ஆனால் பதிவேட்டில் அவர் பெயரும் வருமானமும் குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். நீதிமன்றம் போய் விவாகரத்து வாங்கக் கைவிடப்பட்ட தாய்க்கு எங்கே நேரம், எங்கே காசு.

விட்டுப்போன இடைவெளியை வீடு அடைக்கிறது. சேமநிதியிலிருந்து பிள்ளை படிப்புக்குப் பணம் எடுக்கலாம், சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் கோவிட் காலத்தில் நாலு முறை திறந்துவிட்டதில் நாடு முழுக்க 14,500 கோடி வெள்ளி சேமநிதியை விட்டு வெளியேறியது. குறைந்த சம்பளக்காரர் கணக்குகளில் அடிமட்டம் தெரிகிறது. மிச்சம் இருப்பது அடகுக்கடை, பெண்கள் மாதாமாதம் சேர்ந்து கட்டும் கூட்டு, சொந்தக்காரர்கள். எதுவும் இல்லாதபோது ஆலோங். வட்டிக்காரன் வருமானச் சான்று கேட்பதில்லை, ஐசி நகலும் வீட்டு முகவரியும் போதும் அவனுக்கு.

சமூகமும் சும்மா இருக்கவில்லை. 1982-இல் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் ஏழைப் பிள்ளைகளைத் தேர்வுக்குத் தயார்படுத்தி ஒரு தலைமுறையையே பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. 1984-இல் மஇகா தொடங்கிய எம்ஐஇடி கல்விக் கடன் கொடுத்தது, கெடாவில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தைக் கட்டியது. இந்தியச் சமூக உருமாற்றுப் பிரிவான மித்ராவுக்கு அரசாங்கம் ஆண்டுதோறும் 10 கோடி வெள்ளி ஒதுக்குகிறது. இவற்றில் எதைப் பற்றியும் இங்கே குறை சொல்ல வரவில்லை. ஆனால் இவற்றின் பாரங்களும் கடைசியில் அதே கேள்வியைத்தான் கேட்கின்றன: பி40-ஆ? சீட்டைக் காட்டு. அரசாங்கம் போட்ட கோட்டையே அறவாரியங்களும் எடுத்துப் போட்டுக்கொண்டால், ஓர் இடத்தில் விழுந்தவன் எல்லா இடத்திலும் விழுகிறான். இதுதான் எனக்குப் பெரிய குறை. பசித்தவனுக்கு ஒரு கடை மூடியிருந்தால் இன்னொரு கடை இருக்க வேண்டும், எல்லாக் கடைக்கும் ஒரே பூட்டு இருக்கக் கூடாது.

வேறு மாதிரிக் கேட்கவும் வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் 2010-இல் முதல் பட்டதாரிச் சலுகை வந்தது. உன் வீட்டில் இதற்கு முன் யாராவது பட்டம் வாங்கியிருக்கிறார்களா? இல்லையென்றால் ஒற்றைச் சாளர முறையில் சேரும் தொழிற்படிப்புக்குக் கல்விக்கட்டணச் சலுகை, வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே கிடையாது. 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு ஒதுக்கினார்கள், அடுத்த ஆண்டு அது பொறியியலுக்கும் போனது, கட்டணத்தை அரசே ஏற்றது. 2022-இல் வந்த புதுமைப் பெண் திட்டம், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் என்கிறது. அங்கேயும் தாசில்தார் அலுவலக வரிசை உண்டு, போலிச் சான்றிதழ் உண்டு, சொர்க்கம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கேள்விகளுக்கான பதிலை ஓ.டி. மாற்றிவிட முடியாது. அப்பா பிப்ரவரியில் எவ்வளவு உழைத்தார், மார்ச்சில் எவ்வளவு உழைத்தார் என்பதை வைத்து ஒரு பெண் முதல் பட்டதாரியா இல்லையா என்பது மாறப்போவதில்லை. காப்பாரின் பல லோரோங்களில் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்தால், தெருவே கை தூக்கும்.

இங்கே அதை யோசிக்காமல் இல்லை. 2024 ஜனவரியில் பாடு என்ற தரவுத்தளத்தைத் திறந்தபோது, பி40, எம்40 என்ற பட்டைகளை விட்டுவிட்டு, செலவு போக ஒரு குடும்பத்தின் கையில் என்ன மிஞ்சுகிறது என்று பார்க்கப்போகிறோம் என்றார் அப்போதைய பொருளாதார அமைச்சர் ரபிசி ரம்லி. பதிவுக்கு மார்ச் 31 கடைசி என்றதும் இணையம் இல்லாத முதியவர்களை அழைத்துக்கொண்டு பிள்ளைகள் முகப்பிடங்களில் வரிசையில் நின்றார்கள். இந்த ஆண்டு பாரம் நிரப்பும் பிள்ளையின் முன் இருப்பது பழைய கட்டங்கள்தான்.

எங்கள் லோரோங்கில் ஒரு பெண் இந்த ஆண்டு கல்லூரிக்குப் போகிறாள். கணக்கியல். போன வாரம் அவள் அப்பாவைக் கடை முன்னால் பார்த்தேன், வேலை உடுப்பில் இருந்தார், மணி மாலை ஆறரை. மகள் பாரம் போட்டாயிற்றா என்று கேட்டேன்.

"போட்டாச்சு தங்கச்சி. பிப்ரவரி, மார்ச்சு, ஏப்ரல். மூணு மாசமும் ஓ.டி. பக்கமே போகல. மேனேஜரு கூட ஒடம்பு சரியில்லையான்னு கேட்டாரு."

"அப்ப வீட்டுச் செலவு?"

"கூட்டுல ஒண்ணு எடுத்தோம்." டீயை முடித்துக் குவளையை வைத்தார். "மே மாசத்துச் சீட்டு அவங்க கேக்க மாட்டாங்கல்ல. அதான் இந்த மாசம் முழுக்கப் போடறேன். ஞாயித்துக்கெழமையும்."

தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, வந்த வழியே கிடங்குப் பக்கம் திரும்பிப் போனார்.